துவையலில் பதிந்த கட்டைவிரல்

மூழிக்கல்லில் பெயிண்டர் மோகனனின் மகள் ஷிம்னா என்றால் எல்லாருக்கும் தெரியும். அவள் சிரிப்பு அப்படி. பஸ்ஸில் பின்சீட்டில் இருந்து சிரித்தால் முன்னால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அம்மா வழியில் வந்தது. அம்மா பிரசன்னா, கல்லாயியில் மரம் அறுத்த சாத்துக்குட்டியின் நடுமகள். சாத்துக்குட்டிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் கண்ணூரில் வாழ்க்கைப்பட்டாள், இளையவள் சின்ன வயதிலேயே போய்ச்சேர்ந்தாள். நடுவில் பிறந்த பிரசன்னா கல்யாணத்துக்கு முன் ஓட்டுக் கம்பெனியில் மண் சுமந்தாள். அங்கே அச்சில் சிக்கி வலது கட்டைவிரல் நுனி நசுங்கி, ஒரு பக்கம் சரிந்து, நகம் இல்லாமல் ஆறியது. கைக்கு அது குறைதான். கைப்பக்குவத்துக்குக் குறையில்லை.

அந்த விரலை வைத்துத்தான் இந்தக் கதையே.

ஷிம்னா வீட்டிலிருந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ரொம்ப தூரமில்லை. அவள் படித்த காலேஜும் அந்தப் பக்கம்தான். பாட்டனி இரண்டாம் வருஷம். படிப்பு ஏதோ நடந்தது. சாப்பாட்டு வேளைதான் அமோகமாக நடந்தது. பாட்டனிக் கட்டடத்துக்குப் பின்னால், மழைமரத்து நிழலில் சிமெண்டுப் படிகள் இருக்கும். நாலு பேர் அங்கே இலைப்பொதியை அவிழ்ப்பார்கள். ஷிம்னா ஒருத்தி. ரின்ஷா ஒருத்தி, அவள் உப்பா துபாயில், உம்மா கொடுத்துவிடும் இறைச்சி வாசனைக்குக் காக்கை முதலில் வரும், பிறகுதான் மனிதர்கள் வருவார்கள். டோணி என்று திருவம்பாடிப் பையன் ஒருவன், ஹாஸ்டலில் இருப்பவன், பொதி கொண்டுவராதவன், ஆனால் எல்லார் பொதியிலும் பங்கு உள்ளவன். நாலாவது மிதுஷா. வயநாட்டுக்காரி. ஒல்லியாக, அதிகம் பேசாமல் இருப்பாள். பேசினால் ஒரு வார்த்தை, அது நேராகப் போய்த் தைக்கும்.

மிதுஷா ஓணம் லீவு முடிந்து வந்ததிலிருந்து ஹாஸ்டலை விட்டுவிட்டாள். பக்கத்தில் இளையம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்றாள். மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு முந்தின இங்கிலீஷ் வகுப்பில் அவள் இருக்கமாட்டாள். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க வருவாள், கையில் பொதி இருக்கும்.

"யாருடி அவன்?" என்பாள் ரின்ஷா.

"எவன்?"

"டெய்லி கிளாஸக் கட் பண்ணிட்டுப் போறியே, அவன்."

"இளையம்மா சூடாக் கட்டித் தர்றா. வாங்கிட்டு வர்றேன்."

டோணி அதற்குள் அவள் இலையில் கை வைத்திருப்பான். "நேத்து மீன் முளகிட்டது. அதுக்கு முந்தின நாள் பருப்பும் பப்படமும். இன்னைக்குத் திருவனந்தபுரத்துக்காரங்க மாதிரி அவியல். ஏ மிதூ, ஒங்க இளையம்மாவுக்கு மொத்தம் எத்தன கை?"

"அவ போனப் பாத்துச் செய்றா. டெய்லி ஒரு ஊரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஷிம்னாதான் அதிகம் சிரித்தாள்.

புதன்கிழமைகளில் அவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பொதிகளை ஒன்றாகக் குவித்து, டோணி சீட்டுக் குலுக்குவதுபோல இடம் மாற்றி வைப்பான். ஆளுக்கொன்று எடுத்து அவிழ்த்து, கண்ணை மூடி ஒரு வாய் தின்று, 'இது யாரோட அம்மா' என்று சொல்ல வேண்டும். ஷிம்னாவின் பொதியைக் கண்டுபிடிக்க ஒரு வாய்கூட வேண்டாம். பிரசன்னா தேங்காயைக் கனலில் சுட்டு, கிணற்றடியில் நிற்கும் இரும்பன்புளிக்காயைச் சேர்த்து, அம்மியில் அரைத்துத் துவையல் உருட்டுவாள். உருண்டையைச் சோற்றோரம் வைத்து, ஓடிவிடாமல் இருக்கக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். அந்தச் சரிந்த விரலின் தடம் துவையலில் கோணலாக ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கும். 'கம்பெனி முத்திரை' என்பான் டோணி. 'முத்திரை இல்லாத சரக்கு வாங்காதீங்க' என்பாள் ஷிம்னா.

இனி ஆஸ்பத்திரிக் காரியம். அந்தப் பக்கத்து ஊர் வார்டுகளில் வீடுகளுக்கு முறை வைத்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்கும் கூட இருக்கிறவர்களுக்கும் பொதிச்சோறு கொடுப்பது வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் பையன்கள் வந்து, 'ஏடத்தீ, நாளைக்கு நம்ம வார்டு' என்று சொல்லிப் போவார்கள். இத்தனை என்று கணக்கில்லை, முடிந்தவரை. மறுநாள் காலை பைஜு வண்டியோடு வந்து வீடுவீடாக வாங்கிக்கொள்வான். பைஜு, மோகனனின் அத்தை மகளுடைய மகன்; ஷிம்னாவுக்கு அண்ணன் முறை. எந்த வீட்டுச் சோறு யார் கைக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் மரியாதை. பிரசன்னா இலை வாட்டும்போதே, 'அது யாரு வாய்க்கோ, நல்லாருக்கட்டும்' என்பாள், வேறொன்றும் சொல்லமாட்டாள்.

ஒருநாள் படியில் டோணி ஹாஸ்டல் சாப்பாட்டை வைதுகொண்டிருந்தான். "மீன் கறின்னு போட்டான். மீனு வேற கறி வேற பாதையில போச்சு. பேசாம நாளைலேர்ந்து ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கப் போறேன்."

"போ போ, ஒனக்கு அங்க நெறைய கூட்டாளிங்க இருப்பாங்க," என்றாள் ஷிம்னா. "நிக்கிறதுல பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரில ஆரும் கெடக்கல. சும்மா கெடச்சாப் போதும்னு வர்றவங்க. எங்கம்மா விடியக்காலம் எழுந்து, இடுப்பு நோக, பொதிஞ்சு குடுக்கறா. இதுங்க வெக்கமில்லாம ரெண்டு ரெண்டு கேக்குதாம். பைஜு ஏட்டன் சொன்னாரு."

ரின்ஷா, "சுப்ஹானல்லா, ரெண்டா!" என்றாள்.

மிதுஷா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை மூடிவிட்டு, "ரெண்டு கேட்டா ரெண்டு வாய் இருக்கும்," என்றாள்.

"ஒரு வாய்க்கு ரெண்டு வயிறு இருக்கும்," என்றாள் ஷிம்னா. அதற்கும் சிரிப்பு. மிதுஷா சிரித்தாளா என்று ஷிம்னா அன்றைக்குப் பார்க்கவில்லை. பின்னால் எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை நினைத்து நினைத்துப் பார்த்தாள். மிதுஷாவின் முகம் மட்டும் ஞாபகத்தில் வரவே இல்லை.

அடுத்து வந்த ஒரு புதன்கிழமை மூழிக்கல் வார்டின் முறை. பிரசன்னா இருட்டோடு எழுந்தாள். ஷிம்னா இலை துடைத்தாள், பழைய பேப்பர் கிழித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பொதிகளோடு அவளுக்கும் ஒன்று. எல்லாம் ஒரே பானைச் சோறு, ஒரே அம்மித் துவையல்.

மத்தியானம் படியில் மூன்று பொதி. டோணி மாற்றி வைத்தான். ரின்ஷாவுக்கு ஷிம்னாவின் பொதி போனது. ஷிம்னா எடுத்தது மிதுஷாவின் பொதி.

"கண்ண மூடு," என்றான் டோணி.

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கறேன், புழு கிழு இருக்கப் போகுது," என்று இலையை விரித்தாள் ஷிம்னா. சோறு, பயற்றுத் தோரன், பொரித்த மத்தி ஒன்று, ஓரத்தில் துவையல். துவையலில் கோணலாக ஒரு பள்ளம்.

ரின்ஷாவின் மடியில் விரித்திருந்த இலையைப் பார்த்தாள். அங்கேயும் பள்ளம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

மனசு யோசிப்பதற்கு முன்னால் வாய் ஓடிவிடும் சிலருக்கு. ஷிம்னா அந்த ஜாதி. படியில் கையைத் தட்டிக்கொண்டு கத்தினாள். "அய்யோ, இது எங்கம்மாடீ! எங்கம்மா விரலு! எடீ கள்ளீ, ஆஸ்பத்திரிக்குக் குடுத்த சோற எங்கேர்ந்துடி அடிச்சிட்டு வந்தே?" என்று சொல்லி, சிரித்தாள். டிரைவர் திரும்பிப் பார்ப்பாரே, அந்தச் சிரிப்பு. பக்கத்துப் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேற்று வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள்.

சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டதை எங்கே போய்ப் பொறுக்குவது?

மிதுஷா எழுந்து நின்றாள். "அடிக்கல. வரிசைல நின்னு வாங்கினேன். ரெண்டு வாங்கினேன். ஒண்ணு அம்மைக்கும் அச்சனுக்கும். அச்சன் நல்லமொளகுக் கொடில பறிக்கையில ஏணிலேர்ந்து விழுந்து, முதுகு ஒடிஞ்சு கெடக்காரு. ஓணத்துலேர்ந்து ஆஸ்பத்திரி வராந்தாலதான் இருக்கோம். இளையம்மான்னு எனக்கு ஆருமில்ல." பையை எடுத்துத் தோளில் போட்டாள். "ஒங்கம்மா கிட்ட சொல்லு, துவையல் எப்பத் தின்னாலும் நல்லாருக்குன்னு. இன்னைக்குத் தின்னல. அம்ம தின்னிருப்பா."

போய்விட்டாள். டோணி கையில் வைத்திருந்த உருண்டையை இலையிலேயே வைத்தான்.

"நீ வேணும்னே சொல்லலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ரின்ஷா கடைசியில். "ஆனா நீ சிரிச்சே."

அந்த இலையை அப்படியே மடித்து ஷிம்னா வீட்டுக்குக் கொண்டுபோனாள். எறியவும் கை வரவில்லை, தின்னவும் வரவில்லை. கிணற்றடியில் கோழிக்குப் போட்டாள். பிரசன்னா பார்த்துவிட்டு, "என்ன மோளே, உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, வயிறு சரியில்ல," என்றாள்.

மிதுஷா காலேஜுக்கு வரவில்லை. வியாழன் வரவில்லை, வெள்ளி வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. போன் அடித்து அடித்து நின்றது. போட்ட மெசேஜ் எதற்கும் பதில் இல்லை. ஆள் வராவிட்டால் அட்டெண்டன்ஸ் போகும், அட்டெண்டன்ஸ் போனால் பரீட்சை போகும், பரீட்சை போனால் அந்த மலையில் இருந்து இறங்கி வந்து படிக்கிற பெண்ணுக்கு எல்லாம் போகும். ஒரு வாய்ச் சிரிப்பில் ஒருத்தி படிப்பையே கொன்றுவிட்டோமோ என்று ஷிம்னாவுக்குப் பயம். டோணி மெஸ்ஸிலேயே சாப்பிட்டான். ரின்ஷா வகுப்பிலேயே பொதியை அவிழ்த்தாள். மழைமரத்துப் படியில் காக்கைகள் வந்து காத்திருந்து போயின.

போய்க் கூட்டிவர வேண்டியது ஷிம்னாதான். அது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தாள். என்ன சொல்வது? 'மன்னிச்சுக்கோ'வா? அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே, அந்த வாயைத்தான் அவளுக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது தடவை போனபோது பொதி வண்டி வந்திருந்தது. வரிசை மதிலைச் சுற்றி வளைந்து கிடந்தது. வரிசையின் கடைசியில் மிதுஷா நின்றாள். ஷிம்னா பக்கத்தில் போய், "மிதூ," என்றாள். அவள் திரும்பவில்லை. வண்டியைப் பார்த்தபடி நின்றாள்.

மிதுஷாவுக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு காரணவர், தலையில் துண்டு கட்டிய வயசாளி, இருவரையும் பார்த்தார். "கூட்டுக்காரிங்களா? சேந்து நில்லுங்க மோளே, நான் பின்னால நிக்கறேன்," என்று ஓர் அடி விலகி இடம் விட்டார். வேண்டாம் என்று சொல்ல ஷிம்னாவுக்கு வாய் வரவில்லை. நின்றாள். நின்றதும் மனசுக்குள் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது. அவளோடு நானும் நிற்கிறேன், இந்த வெட்கத்தை நானும் படுகிறேன், போதாதா என்று.

வரிசை நகர்ந்தது. மிதுஷா முதுகைக் காட்டிக்கொண்டே நடந்தாள்.

வண்டியில் நின்று கொடுத்தவன் பைஜு. வேறு வார்டின் முறையாக இருந்தாலும் அவன்தான் தினமும் வண்டியில். மிதுஷா இரண்டு விரல் காட்டினாள். பைஜு இரண்டு கொடுத்தான். அடுத்த முகத்தைப் பார்த்ததும் அவன் கை அந்தரத்தில் நின்றது.

"எடீ ஷிம்னே! நீ என்னடி இங்க? ஒங்கம்மைக்கு ஏதாச்சுமா? அச்சனுக்கா?"

"இல்ல ஏட்டா..."

"பின்ன ஆருக்கு?"

வரிசை முழுக்கப் பார்த்தது. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவள் கையை நீட்டிவிட்டாள். பைஜு பொதியை வைத்தான். வைத்துவிட்டுக் கூடைக்குள் துழாவினான். கூடை காலி.

"தீந்துபோச்சு காரணவரே," என்றான் அவளுக்குப் பின்னால் பார்த்து. "இன்னைக்குப் பொதி கொறவு."

காரணவர், "சரி, சரி," என்றார். துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். அப்போதுதான் மிதுஷா திரும்பினாள். ஷிம்னாவின் கையில் இருந்த பொதியைப் பார்த்தாள். ஷிம்னாவைப் பார்த்தாள்.

ஷிம்னா பொதியை அந்த மனிதரிடம் நீட்டினாள். "இத வச்சுக்குங்க."

"வேண்டாம் மோளே. நீயும் ஆரையோ கொண்டுவந்து படுக்கவச்சிட்டு ஓடி வந்திருப்பே. சின்னப் பிள்ள, நீ தின்னு. நான் கடைல ஒரு சாயா குடிச்சுக்கறேன்."

"இல்ல, வாங்கிக்குங்க."

"சொன்னாக் கேளு. ஆரு கெடக்கா ஒனக்கு? அச்சனா, அம்மையா?"

சொல்லாமல் தீராது. சொன்னாள். "எனக்கு இங்க ஆருமில்ல."

"ஆருமில்லையா?"

"ஆரும் கெடக்கல. சும்மாதான் நின்னேன்."

காரணவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. புரியாமல் அவளைப் பார்த்தார். ஆனால் அங்கே நின்ற ஒரு பெண்பிள்ளை, தூக்குப்பாத்திரம் வைத்திருந்தவள், காது கேட்கச் சொன்னாள்: "கண்டியா? ஆரும் கெடக்காமயே வந்து நிக்குதுங்க. காலேஜுப் பிள்ளைங்களுக்கு இதுவும் வெளையாட்டாப் போச்சு. ஒரு வெக்கம் வேண்டாம்?"

தன் வாயிலிருந்து போன அதே சொற்கள். ஊர் சுற்றிவிட்டு வீடு தேடி வந்ததுபோல வந்தன. ஷிம்னா பொதியை அவர் கையில் திணித்துவிட்டு நின்றாள். வண்டியின் மேலிருந்து பைஜு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மிதுஷா நடந்தாள். ஷிம்னா பின்னாலேயே போனாள், வா என்று யாரும் சொல்லாமல். வராந்தாவில் பாய் விரித்து மிதுஷாவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். "ஆரு மிதூ?" என்றாள்.

"காலேஜ்ல கூடப் படிக்கறவ."

கூட்டுக்காரி என்று சொல்லவில்லை. ஷிம்னா அதைக் கவனித்தாள்.

அம்மா ஒரு பொதியை எடுத்துக்கொண்டு அச்சனுக்கு ஊட்ட வார்டுக்குள் போனாள். மிதுஷா மற்றதைப் பாயில் வைத்து அவிழ்த்தாள். அம்மாவுக்குப் பாதியை இலைத்துண்டில் ஒதுக்கி மூடினாள்.

"வெக்கமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு ஓணத்துலேர்ந்து இருக்கு. ஒரு வேளைலயே ஒனக்கு மொகம் செத்துப்போச்சு." இலையை நடுவுக்குத் தள்ளினாள். "தின்னு."

"வேண்டாம் மிதூ. ஒனக்கே..."

"தின்னுடி. யாரோட அம்மாவோ விடியக்காலம் எழுந்து, இடுப்பு நோகப் பொதிஞ்சது."

தலையை நிமிர்த்தாமல் ஷிம்னா ஒரு வாய் எடுத்தாள். யார் வீட்டுச் சோறோ, உப்பு கம்மி. இருவரும் தின்றார்கள். முடித்து இலையை மடிக்கும்போது மிதுஷா கேட்டாள்: "இங்கிலீஷ் பீரியட்ல எடுத்ததெல்லாம் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"திங்கக்கெழம வர்றேன். சோத்த மட்டும் இங்கயே அம்மையோட தின்னுட்டு வருவேன். படிக்கட்டுக்குக் கூப்பிடாத."

அப்படியே வந்தாள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தாள், பாடம் கேட்டாள், டோணி பேச்சுக்குச் சிரித்தாள். மழைமரத்துப் படிக்கு மட்டும் வரவில்லை. ரின்ஷாவும் டோணியும் ஷிம்னாவும் பிறகு அங்கே உட்கார்ந்து தின்றாலும், புதன்கிழமை விளையாட்டை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

பைஜு அன்று சாயங்காலமே பிரசன்னாவிடம் சொல்லியிருந்தான். சொந்தம் என்றால் அதற்குத்தானே. பிரசன்னா மகளை அடுக்களையில் உட்காரவைத்துக் கேட்டாள். ஷிம்னா ஒன்று விடாமல் சொன்னாள், துவையலில் பதிந்த விரலில் தொடங்கி. பிரசன்னா ஏசவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு வலது கையை மடியில் இடது கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த விரலை அவள் மறைத்து ஷிம்னா பார்த்ததில்லை.

அடுத்த முறை வந்தது. விடியுமுன் இலை வாட்டும் வாசனையில் ஷிம்னா எழுந்து வந்தாள். அம்மா துவையலை உருட்டிச் சோற்றோரம் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து, ஒரு கரண்டியை எடுத்து, அதன் முதுகால் மெல்லத் தடவித் தட்டையாக்கினாள். ஒவ்வொன்றாக. எந்த வீட்டுக்காரி வைத்தது என்று இனி எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

"அம்மா, எனக்கு வச்சதுலயாச்சும்..." என்று ஆரம்பித்தாள் ஷிம்னா.

"எல்லாம் ஒண்ணுதான் மோளே," என்றாள் பிரசன்னா. மகளின் இலைமேல் குனிந்து, அந்த உருண்டையையும் கரண்டியால் தடவினாள்.